எல்லா வண்டிக்கும் பொருந்தும்

அட்டைப்பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது.
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலையில் அப்ரார் கடை.
ஆயிரத்து எண்ணூறு சொல்லி
ஆயிரத்து அறுநூறுக்கு இறங்கினார்.
"சாருக்கா மேடம்?"
என் இடக்கைக்கு, என்றேன்.

சிரித்தார். நான் விளக்கவில்லை.
மாட்டு டாக்டருக்கு
வேலைக்குப் போவது இடக்கை.
வலக்கை வெளியே நின்று ஊசி பிடிக்கும்,
கையெழுத்துப் போடும்,
கொடுத்தால் டீ வாங்கிக்கொள்ளும்.
இடதுதான் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு
பசுவுக்குள் போகும்.
அந்த இருட்டில், அந்தச் சூட்டில்
இரண்டு மாதமா மூன்றா என்று
விரலால் படித்துவிட்டு வரும்.
மாடு முக்கினால் எலும்பு நெரியும்.
ஒரு நாளைக்குப் பதினைந்து மாடு.
பிறகு அதே கைதான் கியரும் போடவேண்டும்,
காவேரிப்பட்டணத்திலிருந்து நாகரசம்பட்டி,
அங்கிருந்து போச்சம்பள்ளி,
திரும்ப.

முனிராஜுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்.
இரண்டு சீட்டுக்கும் நடுவே தலைகுப்புற நுழைந்து
கன்சோலைக் கழற்றினான்.
கால்கள் மட்டும் வெளியே.
திரும்பிக் கிடக்கும் கன்று
முதலில் காட்டுவதும் அதைத்தான்.
உள்ளிருந்து குரல் வந்தது:
"பாய், இங்க ஏற்கெனவே ரெண்டு ஓட்டை இருக்கு."

எட்டிப் பார்த்தேன்.
ரப்பர் விரிப்புக்கு அடியில்
மண் அடைத்த இரண்டு துளைகள்.
செகண்ட் ஹேண்ட் வண்டி. வாங்கும்போது
ஆர்.சி.யில் பார்த்த பெயர்
பெ. குணவதி, பென்னாகரம்.
ஆளைப் பார்த்ததில்லை, எல்லாம் புரோக்கர்.
என்ன வேலையோ, எதனால் வலித்ததோ.
ஏன் கழற்றினார் என்பதுதான்
எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.
வலி தீர்ந்துவிட்டதா.
பக்கத்து சீட்டில் இருந்தவருக்கு இடைஞ்சலா.
விற்கும்போது உருவி வைத்துக்கொண்டாரா?
நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

அப்ரார் அளவு வைத்துப் பார்த்தார்.
எல்லா வண்டிக்கும் பொருந்துவது
பழைய துளைக்கு ஒரு விரற்கடை
பின்னால் உட்கார்ந்தது.
"டிரில் போட்டுடலாமா?"
எந்த மாட்டிடமும் கேட்டுவிட்டுக் கை விடாதவள்
ஒரு நிமிடம் வண்டியின் முகத்தைப் பார்த்தேன்.
போடுங்க.

தீய்ந்த பிளாஸ்டிக் வாசம்.
சுருள் சுருளாகக் கறுப்புச் சீவல்.
மாட்டி முடித்துப் பார்த்தால்
ஹேண்ட்பிரேக் பாதிதான் எழும்புகிறது,
பெல்ட் கொக்கியைக் காணோம்.
"தூக்கிட்டு இழுக்கணும் மேடம். பழகிடும்."
குணவதி கழற்றியதற்கு
நான்காவது காரணமும் கிடைத்தது.

ஒரு ஸ்க்ரூ வேறு மிச்சம்.
எங்கிருந்து வந்ததென்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.
மீதிச் சில்லறை மாதிரி
முனிராஜ் அதை என் கையில் வைத்தான்.
மூடியைத் திறந்து பெட்டிக்குள் போட்டேன்,
கையுறைக் கட்டோடு.

அன்றிரவே போன்.
மேலுமலை தாண்டி ஒரு தோட்டம்.
தலையீற்றுக் கிடேரி, கன்று குறுக்கே.
செல்போன் வெளிச்சத்தில் ஒன்றரை மணிநேரம்.
வைக்கோலால் மூக்கைத் துடைத்ததும்
தும்மியது.
தொட்டித் தண்ணீரில் தோள்வரை கழுவிக்கொண்டு
நெடுஞ்சாலை ஏறி ஐந்தாவது கியர் போட்டு
முழங்கையை இறக்கினேன்.

என்னோடு படித்தவர்கள் யாரும் சொல்லவில்லை,
கைக்கும் எடை உண்டென்று.
தோளிலிருந்து யாரோ
ஈர மூட்டையை இறக்கிக்கொண்டார்கள்.
புது ரெக்சின் வாசம் போய்
அதற்கும் மாட்டு வாசம் ஏறியது.

டோல்கேட்டில் வரிசை. லேசான சரிவு.
பிரேக் இழுக்கவேண்டும்.
உறங்கப்போன கையே எழுந்து
தன் படுக்கையைத் தூக்கி நிறுத்தியது.
உள்ளே அந்த ஸ்க்ரூ
ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு
உருண்டது.
பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.